முட்டி மடங்கக் கூடாது

வர்ணனை அறை என்று பெயர்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு திரை, சுவரெல்லாம் பஞ்சு. போட்டி நடப்பது எங்கோ. அதற்குப் பேசுவது இங்கே. முப்பது வருஷமாகப் பந்து விளையாட்டுகளுக்கே தொண்டை கிழியக் கத்தியவருக்கு அலுவலகத்தில் தண்டோரா என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவரை இன்று பெண்கள் நடைப் போட்டிக்கு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிபுணர், ஒரு பள்ளியின் உடற்பயிற்சி டீச்சர். ஒரு காலத்தில் இதே போட்டியில் நடந்தவர். கையில் பதினெட்டுப் பக்கக் குறிப்பு.

“டீச்சர், இத்தனையும் படிக்கப் போறீங்களா?”

“படிச்சாத்தான சார் புரியும். இதை டிவியில காட்ட வைக்கறதுக்கு ஒன்பது வருஷமா லெட்டர் போட்டிருக்கேன். இன்னைக்கு ஜனங்க சேனலை மாத்திட்டா, இனிமே இந்த நேரத்துல மீன் பிடிக்கறதைப் போட்டுடுவோம்னு உங்க டைரக்டர் சொல்லிட்டாரு.”

“மீனாவது கொஞ்சம் துள்ளும்.”

“நீங்களே இப்படின்னா, வீட்ல உக்காந்து பாக்கறவங்களை என்ன சொல்ல?”

மேசையில் ஆளுக்கொரு பொத்தான் இருந்தது. இருமல் வந்தால் அழுத்திக்கொள்வதற்கு; அழுத்தியிருக்கும்வரை குரல் வெளியே போகாது. தண்டோராவுக்கு அது மூச்சு விடுவதுபோல. அதையெல்லாம் ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. டீச்சரோ பள்ளி மைதானத்துக் கைமைக்கில் பழகியவர். அது அழுத்தினால் பேசும், விட்டால் நிற்கும்.

போட்டி தொடங்கியது. டீச்சர் பொத்தானை அழுத்திக்கொண்டு வாசித்தார். “முன்னங்கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து, உடலின் செங்குத்து நிலைக்கு வரும்வரை, முழங்கால் நேராக இருத்தல் வேண்டும்.”

பொத்தானை விட்டார். தண்டோரா பக்கம் சாய்ந்தார்.

“இப்படிச் சொன்னா நாய்கூடக் கேக்காது, இல்ல சார்? விஷயம் ஒண்ணுமில்ல. பின்னாடி யாரோ துரத்திக்கிட்டு வர்றாங்க. நாம பயந்துட்டோம்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அந்த நடைதான் இது.”

தண்டோராவின் காதில் டைரக்டரின் குரல் வந்தது. அந்தக் கம்பி அவர் காதுக்கு மட்டும்தான். “அந்தம்மா பொத்தானைத் தலைகீழாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க. படிக்கறது எதுவும் போகல. உங்ககிட்ட கிசுகிசுக்கறதுதான் போகுது.”

தண்டோரா டீச்சரின் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

“சொல்லாதீங்க. நல்லா இருக்கு. விட்டுடுங்க,” என்றது காதிலிருந்த குரல்.

நீட்டிய கையால் அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் இப்படியே போனது. குறிப்பெல்லாம் காற்றோடு போயிற்று. கிசுகிசு வீடுவீடாகப் போயிற்று.

“இடுப்பை ஆட்டறாங்கன்னு சிரிக்காதீங்க சார். எடுத்து வைக்கற எட்டு நீளணும், ஆனா கால் வளராது. இடுப்புதான் கொடுக்கணும்.”

“அந்த நடுவருங்க என்ன பாக்கறாங்க?”

டீச்சரின் கை பொத்தானுக்குப் போனது. தண்டோரா அவசரமாகத் தன் பொத்தானை அழுத்திக்கொண்டு, “எனக்குத்தான் டீச்சர். சும்மா சொல்லுங்க,” என்றார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் விரலைப் பார்த்தார். இதுவரை ஊருக்குப் பேசும்போதெல்லாம் அந்தக் கை மடியில் கிடந்தது. டீச்சரும் தன் பொத்தானை அழுத்தினார்.

“எவ்வளவு நேரமாத் தெரியும்?”

“முதல்லேருந்து.”

“நான் படிச்சது?”

“ஒண்ணும் போகல. பேசினது பூரா போச்சு.”

“நாய் கேக்காதுன்னது?”

“அதுவும்தான்.”

“ஒன்பது வருஷம் சார்.”

தண்டோராவின் காதில் டைரக்டர், “ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? வெறும் ஷூ சத்தம்தான் கேக்குது,” என்றார்.

அப்போதுதான் திரையில் அது நடந்தது. கடைசிக் கிலோமீட்டர். எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு எதிரே தலைமை நடுவர் வந்து சிவப்பு அட்டையை நீட்டினார். மூன்று நடுவர்கள் குறை எழுதிவிட்டால் வெளியே போக வேண்டும். அவள் நின்றாள், சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றினாள்.

“யாராவது பேசுங்க. எல்லாரும் ரிமோட்டைக் கையில எடுத்திருப்பாங்க,” என்றார் டைரக்டர்.

டீச்சர் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். விதி அங்கே முழுசாக இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தார். பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

“முதல்ல வந்துக்கிட்டிருந்தவளை வெளிய அனுப்பிட்டாங்க. அநியாயமாத் தோணும். இப்பத் திரும்பக் காட்டுவாங்க. அவ மூஞ்சியைப் பாக்காதீங்க, முட்டியைப் பாருங்க. கால் தரையில படுது... இப்போ. நேரா இருக்கா? இல்ல. ஒரு விரக்கடை மடங்குது. களைச்சா மடங்கும். அவ ஏமாத்தல. ஆனா மடங்கிடுச்சு.”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு நொடியையும் சும்மா விட்டறியாத தண்டோராவும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் எண்ணை மடித்துக்கொண்டு ஓரமாகப் போவதை எல்லா வீட்டிலும் சத்தமில்லாமல் பார்த்தார்கள், அல்லது சேனலை மாற்றினார்கள். அறையில் இருந்த இருவருக்கும், டைரக்டருக்கும் அது தெரியாது.

ஒளிபரப்பு முடிந்து விளக்கை அணைப்பதற்குள், டைரக்டர் அறைக்குள் வந்தார்; அவர் பின்னாலேயே தொலைபேசிப் பிரிவுப் பெண் ஒரு தாளோடு வந்தாள்.

“நாப்பது கால் சார்.”

“திட்டறாங்களா?” என்றார் டைரக்டர்.

“கோவமாத்தான் பேசறாங்க. மூணாவது வந்தவளுக்கும் முட்டி மடங்குச்சாம். அவளை மட்டும் ஏன் விட்டீங்கன்னு கேக்கறாங்க. ஒரு அம்மா, எத்தனாவது நிமிஷம்னுகூட எழுதிக்கச் சொன்னாங்க.”

“எத்தனாவது?” என்றார் டீச்சர்.

படத்தை அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினார்கள். டீச்சர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். தண்டோராவும் குனிந்தார்.

“ஆமா டீச்சர். மடங்குது.”

“மடங்குது,” என்றார் டீச்சர். “நான் பாக்கவே இல்ல.”

“அடுத்தது ஆம்பளைங்க போட்டி. ரெண்டு மணி நேரம் ஓடும்,” என்றார் டைரக்டர். “எந்தத் தேதி சௌகரியம்னு சொல்லுங்க.”

டீச்சர் நிமிரவில்லை.

“கொஞ்சம் முன்னாடி நகர்த்துங்க,” என்றார். “அடுத்த எட்டையும் பாத்துடலாம்.”