சிவப்பு மூடி எண்ணெயும் ஆறு லட்சம் பேரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது எங்கள் பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் நாச்சிமுத்து அண்ணன் அன்று காலை நேராக என்னிடம் வரவில்லை. தன் பன்னிரண்டு சக்கர லாரியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, என்ஜினையும் அணைக்காமல், அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்ததும் கேபினுக்கு அடியில் காதைக் கொடுப்பார். முகம் சுருங்கும். மறுபடி ஒரு சுற்று.

“என்னங்ணா, வண்டிக்கு ஏதாச்சும் வேண்டுதலா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க அம்மணி. சத்தம் கேக்குதுங்களா, பாருங்க.”

காது கொடுத்தேன். ஆறு சிலிண்டரும் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

“ஒரு சத்தமும் இல்லீங்ணா.”

“எனக்குக் கேக்குதுங்க. உங்க வீடியோவப் பாத்த நாள்ல இருந்து டக்கு டக்குன்னு கேக்குது.”

எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. நாமக்கல்லில் அந்த மாதம் அதைப் பார்க்காதவர்கள் குறைவு.

சேலம் ரோட்டில் எங்களுக்கு கிராங்க் கிரைண்டிங் பட்டறை. என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு தேய்ந்துபோனால் அதைக் கடைந்து சீராக்கித் தருவோம். கடைசல் என் வீட்டுக்காரர் செந்தமிழன் பொறுப்பு. அளவெடுப்பது டிப்ளமோ படித்த என் பொறுப்பு. தினம் தினம் நாசமாகிப்போன தண்டுகளைப் பார்த்துப் பார்த்து, இந்த எண்ணெய் கம்பெனிக்காரர்களை ஒரு கை பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி ஏறியிருந்தது. பழைய மாவு கிரைண்டர் மோட்டாரில் நானே ஒரு மிஷின் செய்தேன். ஒரு இரும்பு வளையம் எண்ணெய்க் கிண்ணத்தில் நனைந்தபடி சுழலும். அதன்மேல் ஒரு சின்ன இரும்பு உருளையை நெம்புகோல் வைத்து அழுத்துவேன். நெம்புகோல் நுனியில் ஒவ்வொன்றாகக் கிலோ கல் தொங்கவிடுவேன். மோட்டார் திணறி நிற்கிறவரை எத்தனை கல்லைத் தாங்குகிறதோ, அந்த எண்ணெய்க்கு அத்தனை மார்க். இதைப் படமெடுத்து யூடியூபில் போட்டேன். ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள்.

சிவப்பு மூடி போட்ட கேனில் வருகிற எண்ணெய் ஒன்று உண்டு. கம்பெனி பெயரை யாரும் சொல்வதில்லை. சிவப்பு மூடி என்றால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். என் மிஷினில் அது இரண்டாவது கல்லுக்கே கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. நான் கேமராவைப் பார்த்து, “இத ஊத்தறதுக்குப் பச்சத் தண்ணியவே ஊத்திப்போடலாமுங்க” என்றேன். அந்த ஒரு வரிக்காகவே ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“நான் ஒம்பது வருசமா சிவப்பு மூடிதானுங்க ஊத்தறேன்” என்றார் நாச்சிமுத்து அண்ணன். “எட்டு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டரு. இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு, நேத்தே ஏத்தியிருக்கோணும். ஏத்தல. நாக்பூர் தாண்டிக் காட்டுக்குள்ள கிராங்க் புடிச்சுக்கிட்டா நான் என்னங்க பண்ணுவேன்? என்ற வண்டி நல்லாருக்குதா, இல்லியா? நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. எடுன்னா எடுக்கறேன். வேண்டாம்னா இங்கியே நிறுத்திப்போடறேன்.”

சொந்தமாக ஒரே லாரி. அவரே முதலாளி, அவரே டிரைவர். ஓடுகிற வண்டியை நான் வாயால் நிறுத்திவிட்டேன். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

“மிஷின் பொய் சொல்லாதுங்ணா. வேணும்னா உங்க கண்ணு முன்னாலயே ஓட்டிக் காட்டறேன், வாங்க.”

அவர் வந்தார். சிவப்பு மூடியை ஊற்றி ஓட்டினேன். இரண்டாவது கல்லில் நின்றது. அவர் உருளையில் விழுந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு குழந்தை கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

“இதுல வேற எண்ணெய ஊத்துனா என்னங்க சொல்லும்?”

“பதினாலு கம்பெனி எண்ணெய ஊத்திப் பாத்தாச்சுங்ணா.”

“அது இல்லீங்க. நம்ம ஊட்டு எண்ணெய்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். விளக்கெண்ணெய். என்ஜின் சூடு உடம்பில் ஏறாமலிருக்க லாரிக்காரர்கள் தொப்புளிலும் கால் கட்டை விரலிலும் வைத்துக்கொள்வார்கள். எல்லாக் கேபினிலும் ஒரு பாட்டில் கிடக்கும். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கிக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

ஒரு கல். இரண்டு. மூன்று. மோட்டார் பாட்டுக்கு ஓடியது. ஐந்து. ஆறு. என்னிடம் முதல் மார்க் வாங்கிய உசத்தி எண்ணெயே ஐந்தில் நின்றதுதான். ஏழாவது கல்லையும் தொங்கவிட்டேன். விளக்கெண்ணெய் அசரவில்லை. எட்டாவதோடு கல் தீர்ந்துவிட்டது.

செந்தமிழன் கடைசலை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நான் எதிர் டீக்கடைக்கு ஓடி, சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டில் நாலைக் கிழித்து வந்து ஊற்றினேன். ஷாம்பு ஆறு கல் தாங்கியது.

“அப்போ வண்டிக்கு ஷாம்பு ஊத்தறதுங்களா?” என்றார் நாச்சிமுத்து அண்ணன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சிரிக்கவே இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. விளக்கெண்ணெயை ஊற்றினால் எந்த டீசல் என்ஜினும் கொஞ்ச நாளில் பிசின் கட்டி மூச்சடைத்துப் போகும். ஷாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இது இரண்டும் முதல் மார்க் வாங்குகிற பரீட்சையில் சிவப்பு மூடி தோற்றால் அதற்கு என்ன அர்த்தம்? அர்த்தமே கிடையாது. இதை வைத்துக்கொண்டா ஆறு லட்சம் பேரிடம் சட்டாம்பிள்ளைத்தனம் செய்தேன்?

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. மிஷின் தப்பு என்பதால் எண்ணெய் சரி என்று ஆகிவிடாது. என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது.

“தொறந்து பாத்துரலாமுங்ணா” என்றேன். “என்ஜினெ எறக்க வேண்டாம். அடியில எண்ணெ நிக்கற சம்ப்பக் கழட்டி, ஒரே ஒரு பேரிங்கப் பாத்தாப் போதும். உள்ளதச் சொல்லிப்போடறேன்.”

அவர் லாரியை ஒரு முறை பார்த்தார். பெண்ணை ஆபரேஷனுக்கு அனுப்புகிற தகப்பன் முகம். தலையை மட்டும் ஆட்டினார்.

எண்ணெய் வடிந்து, என்ஜின் ஆறி, சம்ப்பைக் கழற்ற மதியமாகிவிட்டது. சாக்கை விரித்து நானும் செந்தமிழனும் அடியில் படுத்தோம். நாச்சிமுத்து அண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். இதை முழுசாகப் படமெடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று போனை என் நெஞ்சின்மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். நல்லதோ கெட்டதோ, ஆறு லட்சம் பேரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

செந்தமிழன் மூன்றாவது சிலிண்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி மூடியை இறக்கினார். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற ராடை மேலே தள்ளி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேல்பாதி பேரிங்கை நகத்தால் நகர்த்தி எடுத்தார். பிஸ்டன் அடிக்கிற அடியெல்லாம் வந்து விழுவது அந்தப் பாதியில்தான். பிறை மாதிரி வளைந்த சின்னத் தகடு, விரல் நீளம்கூட இருக்காது. துணியில் துடைத்து என் கையில் வைத்தார்.

நான் போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கில் பேரிங் பார்த்திருக்கிறேன். மேல்பூச்சு தேய்ந்து செம்பு பல்லிளித்தது, கீறல் விழுந்தது, உருகி வழிந்தது. அவ்வளவும் செத்த பேரிங். என்ஜின் போன வண்டிதானே எங்கள் பட்டறைக்கு வரும்? ஓடுகிற வண்டி எதற்கு வரப்போகிறது? அது எனக்கு அந்தச் சாக்கின்மேல் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு என்ஜினின் பேரிங்கை நான் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை.

அது சாம்பல் நிறமாக, மழுங்கலாக, அப்படியே இருந்தது. எங்கும் செம்பு தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால், தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய வரிகள் தெரிந்தன. விரலால் தடவினால் பிடிபடாத வரிகள். எட்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் அவற்றை அழிக்கவில்லை. மேலே பார்த்தேன். கிராங்க் தண்டு கண்ணாடியாக மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது, வாயைப் பிளந்துகொண்டு.

டிப்ளமோவில் இதைப் படித்திருக்கிறேன். ஐந்து மார்க் கேள்வி. சுழல்கிற தண்டு எண்ணெயைத் தானே தன் அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் மிதக்கும். இரும்பு இரும்பைத் தொடாது. எழுதி ஐந்துக்கு நாலரை வாங்கிவிட்டு மறந்துவிட்டேன். மிதக்கிற அந்த எண்ணெயின் கனம், ஒரு தலைமுடியை இருபதாகப் பிளந்தால் வருகிற கனம். அதன்மேல், டீசல் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பத்து டன்னுக்குக் குறையாத அடி. நொடிக்குப் பன்னிரண்டு அடி. ஒன்பது வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு கோடி வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். தொண்ணூறு கோடியேதான். அத்தனை அடிக்கும் அந்த ஒரு சொட்டுப் படலம் நடுவில் நின்று, இரண்டு இரும்பையும் தொடவிடாமல் வைத்திருக்கிறது. நானோ அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரும்பை இரும்போடு வைத்து நசுக்கிவிட்டு, நீ தண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

“என்னங்க அம்மணி, போயிருச்சுங்களா?” என்று சக்கரத்துப் பக்கமிருந்து குரல் கேட்டது.

தகட்டை அவரிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, வெயிலுக்குக் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அந்த வரிகளைத் தொட்டார்.

“இது புதுசுங்களா?”

“உங்க வண்டில இருந்ததுங்ணா. இப்பத்தான் எடுத்தோம்.”

அவர் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

எல்லாவற்றையும் அளவாக முறுக்கி மூடினோம். புது எண்ணெய் வேண்டும். எதை வாங்குவது என்று கேட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “சிவப்பு மூடியே வாங்கீட்டு வாங்க” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எண்ணெய் ஊற்றி முடித்த பிறகு செந்தமிழன் கேட்டார். “நல்லா விழுந்துச்சா படம்?”

போனைப் பார்த்தேன். டார்ச்சைப் போட்டிருக்கிறேன். பட்டனை அமுக்கவே இல்லை. ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை.

“உனக்குப் புத்தி எங்க போச்சு, மலரு?” என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஆதாரம் இல்லாம ஆரு நம்புவாங்க? மறுபடி ஒருக்காத் தொறந்துரலாம்.”

நான் நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தேன். கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“தொறக்கோணும்னா தொறங்க அம்மணி” என்றார். “ஆனா நான் பாத்துட்டனுங்க. எனக்குப் போதும்.”

திறக்கவில்லை. ஆறு லட்சம் பேருக்காக அந்த மனிதரின் வண்டியை இன்னொரு முறை குடைய எனக்கு மனசு வரவில்லை. அவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக் கேட்டார். நானும் செந்தமிழனும் மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்தோம். முகம் சுருங்கவில்லை.

“சத்தம்?” என்றேன்.

“இல்லீங்க. வாரேனுங்க அம்மணி.” சேலம் பக்கம் திரும்பி, லோடு ஏற்றப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பழைய வீடியோவை நீக்கிவிட்டு, புதிது ஒன்று போட்டேன். விளக்கெண்ணெயையும் ஷாம்பையும் கேமரா முன்னால் ஓட்டிக் காட்டினேன். “என்ற மிஷின் சொன்னது தப்புங்க, அத நம்பி நான் சொன்னதும் தப்புங்க. ஒரு லாரியத் தொறந்து பாத்தேன், நல்லாருந்துச்சு. படம் எடுக்க மறந்துபோட்டேன். ஒரு லாரிய வெச்சு எல்லா லாரிக்கும் சொல்ல மாட்டேன், அந்த ஒண்ணுக்கு மட்டும் சொல்றேன்” என்றேன். கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டாள் என்று திட்டினார்கள். ஆதாரம் எங்கே என்று திட்டினார்கள். போர்வெல் போடுகிற ஒரு ரிக் வண்டிக்காரர் மட்டும் மரியாதையாக, விளக்கெண்ணெய் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டிருந்தார். அவருக்குப் போன் போட்டு, ஊற்றக்கூடாது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

ஐந்தாம் நாள் நாச்சிமுத்து அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது.

“அம்மணி, இந்தூர் வந்துட்டனுங்க. லோடு எறக்கியாச்சு. வண்டி நல்லாருக்குதுங்க. கேளுங்க.”

அதன்பிறகு அவர் பேசவில்லை. போனை என்ஜின் பக்கம் நீட்டியிருக்கிறார். ஒரு நிமிடம் முழுக்க அது ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

சேனலில் போடு என்றார் செந்தமிழன். என்ஜின் சத்தத்தைக் கேட்டு யாருக்கு என்ன தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை எனக்காக மறுபடி ஓடவிட்டேன். மூன்றாவது சிலிண்டரை மனசில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டேன்.