இறுகாத மண்

ரொசேர் செத்தபோது ஒவிலாவுக்கு அறுபத்து நாலு டாலர் முப்பது செண்டு பாக்கி வைத்திருந்தான். அறுபது டாலர் மகனுக்கு வக்கீல் வைக்க வாங்கியது. மீதி, கியூபெக்குக்கு ரயிலில் போய்வர வாங்கியது. வக்கீல் வந்தும் பயனில்லை. மர ஆலையில் குடித்துவிட்டு மேஸ்திரியின் தாடையை உடைத்ததற்காக மார்சலுக்கு இருபது மாதம் சிறை என்று ஆனது. அந்த ஒரே பயணத்தில் மகனை விலங்கோடு பார்த்துவிட்டு வந்த ரொசேர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மகனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் அடுப்பில் விறகு வைப்பான். அடுப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

அந்த ஊரில் குழி வெட்டுகிறவன் ஒவிலாதான். கோடையில் வைக்கோல், குளிர்காலத்தில் காட்டிலிருந்து மரம் இழுப்பது, நடுவில் யாராவது போனால் குழி. ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சாகிறவர்களுக்கு உடனே குழி கிடையாது. மண் கல்லாகிவிடும். கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் இரும்புக் கதவு போட்ட ஒரு கற்கொட்டகை உண்டு. அங்கே பெட்டியை வைத்துப் பூட்டிவிடுவார்கள். மே மாதம் மண் இளகியதும் வெளியே எடுத்துப் புதைப்பார்கள். மண் இளகிவிட்டதா இல்லையா என்று சொல்லவேண்டியவன் ஒவிலா. கடப்பாரையை இறக்கிப் பார்த்து அவன் சொல்வதுதான் சொல். பங்குச்சாமிகூட அதில் தலையிடுவதில்லை.

மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த வாரத்தில் ரொசேர் போனான். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் அந்த ஓடையின் சத்தத்தை ஒவிலா தன் ஐம்பத்தெட்டு வயதில் கேட்டதில்லை. பனிக்குப் பதிலாக மழை பெய்தது. வண்டிப்பாதை உறையவில்லை, ஆகவே காட்டில் வெட்டிய மரம் காட்டிலேயே கிடந்தது. குதிரைகள் லாயத்தில் கொழுத்தன, ஆட்கள் வீட்டில் இளைத்தார்கள். கடைக்காரர் லெயாந்தர் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டு வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்.

"இந்தக் குளிருக்குக் கெழடுகட்டைங்ககூட சாக மாட்டேங்குது. ரொசேர் ஒருத்தன்தான் போயிருக்கான்" என்றார் அவர். "உன் காசையும் சேத்துல்ல கொண்டு போயிட்டான். நீயே குழி வெட்டி, நீயே அதை மூடப்போற. கொடுத்து வச்சவன்டா நீ."

ஒவிலா சிரிக்கவில்லை. அந்தக் காசு, தன் பல்லைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டச் சேர்த்து வைத்திருந்தது. வலது பக்கத்தால் மென்று நாலு வருடம் ஆகிறது.

துக்க வீட்டுக்குப் போனபோது பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று நினைத்துத்தான் போனான். ரொசேரின் மனைவி யோலாந்து சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம். அவள் கத்தியை வைக்காமலே பேசினாள்.

"மண்ணு எப்படி இருக்கு, ஒவிலா?"

"வெண்ணெய் மாதிரி இருக்கு. நாளைக்கே வெட்டலாம்."

"வெட்டாத."

அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"ஏப்ரல் கடைசியில மார்சல விடுறாங்க" என்றாள். "இப்ப அடக்கம் பண்ணா, ரெண்டு போலீசு கூட வந்து, கையில விலங்கோட கூட்டிட்டு வருவானுங்க. கடுதாசி போட்டுருக்காங்க. அந்தக் கையோட அவன் அப்பனுக்கு மண்ணு போட வேண்டாம். ஊரு பாக்க வேண்டாம். அந்த மனுசனும் பாக்க வேண்டாம்."

"செத்தவன் என்னத்தப் பாக்கப்போறான்?"

"உனக்கென்ன தெரியும்? நீ மூடிட்டுப் போறவன்தான."

உருளைக்கிழங்கு ஒன்று கை தவறி உருண்டு அவன் காலருகே வந்து நின்றது. எடுத்துக் கொடுத்தான். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வெளியே வந்து தெருமுனை வரை நடந்த பிறகுதான் அது அவனுக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் நிற்கும்போது சாமி கேட்டார். வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். "என்ன ஒவிலா, மண்ணு என்ன சொல்லுது?"

"கடப்பாரை இறங்கல சாமி. கல்லு."

சாமி தன் காலைக் குனிந்து பார்த்தார். கோயில் முற்றத்துச் சேற்றில் அவருடைய பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்திருந்தது. ஒரு காலை உருவினார். அது சத்தத்தோடு வந்தது.

"கல்லா?"

"மேல சேறு சாமி. கீழ போகப் போகக் கல்லு."

யாரோ பின்னால் இருமினார்கள். சாமி ஒவிலாவையும், சற்றுத் தள்ளிக் கறுப்புத் துணி போட்டு நின்ற யோலாந்தையும் பார்த்தார். "அப்ப கொட்டகைலயே இருக்கட்டும். அது உன் வேல, எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பாடாக இருந்தது. அந்தக் கொட்டகை குளிரை நம்பிக் கட்டியது. குளிர் வராத வருடத்தில் அது வெறும் அறை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒவிலா கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து வந்த காற்றில் ஈரப்பதம் இருந்தது, சுவரில் வியர்வை இருந்தது. பெட்டி இப்படியே தாங்காது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஆற்றில் பனிக்கட்டி வெட்டிச் சேர்க்கும் ஆட்கள் அந்த வருடம் ஒரு சாண் கனம்கூடக் காணவில்லை. ஆனால் மர ஆலைக்குப் பின்னால் வெயில் படாத ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. டிசம்பரில் ஒரு தடவை கொட்டிய பனி அங்கே ஊசியிலைச் சருகுக்கு அடியில் அழுக்காகக் கிடந்தது. ஊர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து, ஒவிலா அந்தப் பனியைத் தள்ளுவண்டியில் அள்ளி வந்து பெட்டியைச் சுற்றி அடைத்து மரத்தூளைப் போட்டு மூடினான். இரண்டு நாளில் அது தண்ணீராகி வாசல் வழியே வெளியே வந்தது. மறுபடி அள்ளினான். முதுகு பிடித்துக்கொண்டது. நடக்கும்போதெல்லாம் ரொசேரைத் திட்டினான். அறுபத்து நாலு டாலரும் கொடுக்கவில்லை, சும்மா படுத்துக்கொண்டு என்னை வேலை வாங்குகிறாய், உயிரோடு இருந்தபோது மகனைப் போய்ப் பார்த்திருந்தால் இந்தப் பாடு எனக்கு எதற்கு என்று. பெட்டிக்குள் இருக்கிறவனிடம் இவ்வளவு பேசுகிறோமே என்று அவனுக்கே ஒரு நாள் கூச்சமாக வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ரொசேர் இருந்தவரை அவனோடு இவ்வளவு பேசியதில்லை.

தவக்காலம் பாதியானபோது பள்ளத்தாக்கில் பனி தீர்ந்தது. சருகை விலக்கினால் பாசிதான் தெரிந்தது. அதற்குள் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கி, இரவில் உறைபனி இல்லாததால் வந்த வேகத்திலேயே நின்றும்போயிருந்தது. யோலாந்து வீட்டுக்குப் பின்னால் மரங்களில் தொங்கிய வாளிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாளியின் அடியில் விரலளவு சாறு. அதில் பூச்சிகள் மிதந்தன.

ஒவிலா அங்கே போய் நின்றான். அவன் சொல்லவேண்டியதே இல்லை. அவன் நின்ற நிலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் ஆறு வாரந்தான் ஒவிலா."

"பனியே இல்ல. எங்கயும் இல்ல. நான் பாத்துட்டேன்."

"ஒரு வாரமாச்சும்..."

"நாளைக்கு வச்சுக்கலாம். அதுக்கு மேல போனா, நீ நினைக்கிற மாதிரி அவன் இருக்க மாட்டான்."

அவள் வாளியைக் கவிழ்த்தாள்.  "எல்லா வருசமும் எப்ப வசந்தம் வரும், எப்ப வரும்னு கெடந்து சாவோம்" என்றாள். "இந்த ஒரு வருசம் அது மெதுவா வந்திருக்கக் கூடாதா?" பிறகு, "போலீசுக்குச் சொல்லி அனுப்பாத. மார்சல் வர வேண்டாம்" என்றாள்.

மறுநாள் தூறலில் அடக்கம். மண் அவ்வளவு லேசாக வந்தது. அவன் வெட்டியதிலேயே சுலபமான குழி அதுதான். பெட்டியை இறக்கினார்கள். சாமி தண்ணீர் தெளித்தார், யோலாந்து ஒரு பிடி மண் போட்டாள். ஆட்கள் கலைந்து நடக்கத் தொடங்க, ஒவிலா மண்ணைத் தள்ளினான். பெட்டி மறைந்து, குழியின் ஆழம் இடுப்பளவாகக் குறைந்ததும் மண்வாரியை ஊன்றிவிட்டு நின்றான்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றார் லெயாந்தர். "பாக்கி மண்ண வட்டிக்கு விடப்போறியா?"

"முதுகு வலிக்குது. நாளைக்கு மூடிக்கிறேன்."

மறுநாள் மூடவில்லை. குழியின் மேல் பலகை அடுக்கினான். மேட்டுமண்ணைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல் வைத்தான். காலையில் வந்து, பாயைத் தூக்கி மண்ணைக் கையால் அள்ளிப் பார்ப்பான். உதிரியாக விழும். வழக்கமான வருடமாக இருந்தால் அந்த மேடு ஒரே இரவில் பாறையாகியிருக்கும், கடப்பாரையால் உடைத்துத்தான் தள்ள முடியும். ஒரு நாள் மட்டும் லேசாக உறைபனி விழுந்தது. அன்று அவன் பதறிப்போய், வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து பாயின் மேல் போர்த்தினான். அவன் மனைவி அதற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் சாமி அந்தப் பக்கம் வந்தார். பலகையைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், கம்பளியையும் பார்த்தார்.

"முதுகு இன்னும் சரியாகலயா ஒவிலா?"

"இல்ல சாமி."

"எப்ப சரியாகும்?"

"ஏப்ரல் கடைசியில."

சாமி தலையை ஆட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. லெயாந்தர்கூடக் கேட்கவில்லை.

மார்சல் வந்த அன்று நல்ல வெயில். ரயிலடியிலிருந்து நடந்தே வந்தவன், காகிதப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தாயோடு கல்லறைத் தோட்டத்து வேலி வரை வந்தான். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவன் மட்டும் உள்ளே வந்தான். இருபது மாதத்தில் உடம்பு வெளுத்து, கழுத்து மெலிந்திருந்தது. ஒவிலா பலகைகளை எடுத்தான். பாயை உருவினான். மண் கறுப்பாக, ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தது. மண்வாரியை நீட்டினான்.

மார்சல் அதை வாங்காமல் குழியையே பார்த்தான்.

"அம்மா சொல்லுச்சு. அப்பாவ எப்பவோ பொதச்சாச்சுன்னு."

"பொதச்சாச்சு. மூடத்தான் இல்ல."

அவன் வாங்கினான். முதல் வாரி மண்ணைப் போடும்போது பாதி வெளியே சிந்தியது. இரண்டாவதும் அப்படித்தான். பிறகு கை பழகியது. சட்டையைக் கழற்றிப் போட்டான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது, பிடியில் சிவப்பாகப் படிந்தது. ஒவிலா உதவிக்குப் போகவில்லை. பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்து, வலது பக்கத்தால் மெல்ல முடியாத ரொட்டியை இடது பக்கத்தால் மென்றுகொண்டிருந்தான். பாதியில் மார்சல் மண்வாரியின் மேல் நெற்றியை வைத்து நின்றான். தோள் குலுங்கியது. ஒவிலா ரொட்டியைப் பார்த்துக்கொண்டான். வேலிக்கு அப்பால் யோலாந்து ஒரு அடிகூட நகரவில்லை.

மண் தீர்ந்து மேடு எழும்பியபோது வெயில் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் போயிருந்தது. மார்சல் மேட்டை மண்வாரியின் முதுகால் தட்டிச் சரிசெய்தான். பிறகு திரும்பினான்.

"மாமா, அப்பா உங்களுக்கு அறுபத்து நாலு டாலர் தரணும். வேல கெடைச்சதும்..."

"மூடுறது என் வேல. அத நீ செஞ்சிட்ட. அதுக்குக் கூலி உண்டுல்ல. அதுல கழிச்சுக்கிட்டேன்."

"ஒரு குழிக்கு ரெண்டு டாலர்தான குடுப்பாங்க?"

"இந்தக் குழிக்கு அறுபத்து நாலு."

 மார்சல் பொட்டலத்தை எடுத்தான், மறுபடி கீழே வைத்தான். "முப்பது செண்டு மிச்சம் இருக்கே" என்றான்.

ஒவிலா கம்பளியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அதுக்கு அந்த மண்வாரியக் கழுவி வச்சிட்டுப் போ."

மார்சல் ஓடைக்கு இறங்கினான். தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, மண்வாரியைப் புரட்டிப் புரட்டிக் கையாலேயே தேய்த்தான். கரைந்த மண் கறுப்பாக ஒரு கோடு போல ஓடை நடுவே நீண்டு, ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.