ஆர்டரும் பில்லும் மட்டும்

முதலாளி தணிகைவேல் முழுசாகத் தருகிறேன் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்றது சுதாதான். அதை இப்போது யாரிடம் போய்ச் சொல்லி அழ?

உத்திரமேரூரில் அவருடைய ரைஸ்மில் ஆபீசில் வேலை அவளுக்கு. அவர் சாலவாக்கம் பக்கத்துச் சொந்த ஊரில் தீமிதிக்குக் காப்பு கட்டிவிட்டால், விழா முடியும்வரை கோயிலை விட்டு வரமாட்டார், செல்போனைத் தொடமாட்டார். அதனால் போன வாரமே தன் மெயிலைத் திறந்து வைத்து, எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்றார். சுதாவுக்கு உடம்பு கூசியது. முன்பு அந்த நாற்காலியில் இருந்தவள் ரேட்டை வெளியே சொல்லிவிட்டாள் என்று ஊரே அவளை நாறடித்திருந்தது. ஆகவே ஆர்டர், பில் என்ற இரண்டு ஃபோல்டருக்கு மட்டும் தன் பேரில் பர்மிஷன் போட்டுக்கொண்டாள். அவர் பாஸ்வேர்டு அடித்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மகராசி.

இன்று மூன்று மணிக்கு மகள் சாந்தினியிடமிருந்து போன். நர்சிங் காலேஜில் சீட் கிடைத்துவிட்டதாம். காலேஜில் கேட்டதற்கு, நேற்றே மெயில் அனுப்பியாயிற்று, அதிலுள்ள லிங்கை ஐந்து மணிக்குள் அமுக்காவிட்டால் சீட் அடுத்தவருக்கு, போனில் ஒன்றும் செய்ய முடியாது என்று வைத்துவிட்டார்களாம்.

மெயில் எங்கே போயிற்று? அப்ளிகேஷனை ஆபீசில் வைத்துப் போட்டபோது, பெரிய மனிதர் ஐடி இருந்தால் மதிப்பு என்று முதலாளியின் ஐடியைக் கேட்டு வாங்கிப் போட்டவளும் சுதாதான். பதில் வர அடுத்த மாதம் ஆகும் என்று நினைத்திருந்தாள். அது இப்போது அவருடைய இன்பாக்ஸில் கிடக்கிறது.

சுதா இரண்டு ஃபோல்டரையும் திறந்து திறந்து மூடினாள். காஞ்சிபுரம் ஓட்டல் ஒன்று பொன்னி அரிசி கேட்டிருந்தது. முதலாளியின் செல் சுவிட்ச் ஆஃப். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

கோயில் வாசலில் கும்பல் நெரிந்தது. மஞ்சள் வேட்டியோடு, நாலு பேர் பிடித்தும் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தவர் தணிகைவேல்தான். அருள் வந்துவிட்டது. அவர் மனைவி உண்ணாமலையைத் தேடிப்பிடித்துப் பாஸ்வேர்டு கேட்டாள்.

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? எல்லாம் அவுரு தலைக்குள்ளதான் கீது," என்றாள் அவள், பாவம்.

சுதா வெட்கத்தை விட்டுக் கும்பலுக்குள் புகுந்தாள். "மொதலாளி, பாஸ்வேர்ட சொல்லுங்க. பொண்ணு சீட்டு போவுது."

அவர் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. குங்குமத்தை அள்ளி அவள் நெற்றியில் அப்பி, "நான் பாத்துக்கறேன், போ," என்றார்.

சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனே வாக்குக் கொடுத்துவிட்டாள், இனி உனக்கென்ன குறை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சுதாவுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. சாமியைப் போய் யார் உலுக்குவது? கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்து மணி தாண்டியதும் சாந்தினி கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவரே எல்லாவற்றையும் தருகிறேன் என்றாரே, ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று மட்டும் கேட்டாள்.

"நம்மள யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதாண்டி."



"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நீ சந்தோசமா இரு," என்று போனை வைத்தாள் மகள்.