விரித்த கையின் அளவு

விடிவதற்குள் கல் உடைக்கும் இயந்திரம் இரைய ஆரம்பித்துவிட்டது. அதன் வாயில் கருங்கல்லை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார் நெட்டையன். வாலிபத்தில் பொருத்தமாக இருந்த பட்டப்பெயர். முதுகு கூன் விழுந்த பிறகும் அவரை விடவில்லை. நாலு கூடை கொட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பல்லிடுக்கில் கல்தூள் நறநறத்தது.

அன்றைக்கு முதலாளி இலவசமாக மூச்சுப் பரிசோதனை வைத்திருந்தார். நுரையீரல் கெட்டுப்போன வயதானவர்களுக்குத் தூசியில்லாத வேலை வேண்டும் என்று எல்லோரும் முரண்டு பிடித்ததன் பலன் அது.

"காசில்லாம தும்மக்கூட மாட்டாரு இந்த ஆளு. என்னமோ இருக்கு அண்ணே," என்றாள், உடைந்த கல்லைச் சலிக்கும் சல்லடையில் நிற்கும் நெட்டையனின் தங்கை.

நெட்டையனுக்கும் அதே சந்தேகம். ஊதுகிற மிஷினில்தான் தில்லுமுல்லு என்று அதையே முறைத்துக்கொண்டிருந்தார். உயரம் அளக்கிற கம்பத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் நின்றபோது, நோயாளியாகத் தெரியட்டுமே என்று, இருக்கிற கூனோடு இன்னும் கொஞ்சம் கூனிக் காட்டினார். அவரைப் பார்த்து மற்ற கிழங்களும் கூனின.

முடிவு வந்தது. எல்லோருடைய நுரையீரலும் சரியாக இருக்கிறதாம். பழையபடி இயந்திரத்தின் வாயிலேயே வேலை.

நெட்டையனின் மகளுக்கு மனசு கேட்கவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த நர்ஸ் அவரைச் சுவரோரம் நிறுத்தி, கைகளை இருபுறமும் விரிக்கச் சொல்லி, விரல்நுனிக்கு விரல்நுனி நாடாவைப் பிடித்தாள்.

"சட்டை தைக்கப் போறியாம்மா?"

"உயரத்த வச்சுத்தான் இவ்வளவு மூச்சு இருக்கணும்னு கணக்குப் போடுவோம், பெரியவரே. கூன் விழுந்தா உயரம் குறைஞ்சிடும். குட்டை ஆளுக்கு இந்த மூச்சு போதும்னு மிஷின் சொல்லிடும். விரிச்ச கையோட நீளமும் நிமிந்த உயரமும் ஏறக்குறைய ஒண்ணுதான். கை கூனாதுல்ல? அதான் அத அளக்குறோம்."

கையை வைத்துக் கணக்குப் போட்டால், இருக்கவேண்டிய மூச்சில் பாதிதான் இருந்தது. நெட்டையனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கூனிக் காட்டித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே!

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் கிழங்கள் முதலில் சிரித்தன. பிறகு கொதித்துப்போய் முதலாளி முன்னால் நின்றன.

"கம்பத்துல நிக்க வச்சு அளந்தாச்சு. கை அளக்குறது தையல்காரன் வேலை," என்றார் முதலாளி.

"உங்க டாக்டர் கண்ணுக்குக் கூன் தெரியலையா?" என்றார் நெட்டையன்.

"நீ வேணும்னே கூனினியாமே. அப்ப ஏமாத்தினது யாரு?"

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நெட்டையன் ஒருகணம் சுற்றிலும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கூனினேன். கொஞ்சம். மீதிக் கூனு உங்க கல்லு போட்டது."

"இஷ்டமிருக்கிறவன் வேலைக்குப் போ. இல்லாதவன் வெளிய போ."

அவர்கள் வாசல்வரைதான் போனார்கள். தங்கை முதலில் கையை விரித்தாள். அவள் விரல்நுனியைத் தொட்டுக்கொண்டு நெட்டையன் விரித்தார். அவரை அடுத்து இன்னொருவர். வாசல் அடைபட்டது.

"என்ன கூத்து இது?"

"அளக்க வசதியா நிக்கிறோம் முதலாளி. நாடாவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

லோடு ஏற்றும் வாட்டசாட்டமான ஆள் ஒருவன் ஓடிவந்து நடுவில் புகுந்தான். நெட்டையன் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். "உனக்கு முதுகு நிமிந்துதானடா இருக்கு?"

"இப்போதைக்கு, மாமா."

வெளியே கல் ஏற்ற வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. யாரும் கையை மடக்கவில்லை.