சேலத்திலிருந்து வந்த விருந்தாளி

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: பஷீர் அகமதாகிய நான், காலமான என் தம்பியின் மனைவி ஹலீமா, அவள் மகள் ரிஸ்வானா, சேலத்து மருத்துவமனையிலிருந்து வந்த மனநல ஆலோசகர் காமாட்சி. ஜன்னல் வழியே நுழைந்த மூடுபனியும் எங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தது.

ரிஸ்வானா உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, வீடு திரும்பியிருந்தாள். விஷக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி ஆள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஒருவரும் பேசக் கூடாது. அதனால் காமாட்சியை நானே வாசலுக்குப் போய் விருந்தாளியாக அழைத்துவந்தேன். தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர், வெள்ளித் தட்டில் பேரீச்சம்பழம்.

அவர் நேராகக் கேட்டார். "செத்துப்போலாம்னு இப்பவும் தோணுதா கண்ணு?"

எங்கள் கூடத்தில் அப்படியொரு சொல் விழுந்ததே இல்லை.

ரிஸ்வானா பனியைப் பார்த்தபடி பேசினாள். குரல் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. "சில நேரம் தோணுதுங்க. பனி எறங்குனா எதுத்த ஊடு, மரமெல்லாம் இல்லாமப் போவுதில்லீங்களா? நானும் அப்படித்தான்னு இருக்கும்."

"அப்ப யாரைக் கூப்பிடுவே?"

"அம்மாவைக் கூப்பிட்டா அழுதுரும். பெரியத்தாவைக் கூப்பிட்டா காய்ச்சல்னு சொல்லிருவாரு."

ஹலீமா முந்தானைக்குள் சிரித்துவிட்டாள். அவள் சொன்ன பெரியத்தாவாகிய நான் சிரிக்கவில்லை.

"என்னையக் கூப்பிடு சாமி. கடையில எத்தனை கூட்டம் இருந்தாலும் வந்துருவேன்" என்றேன்.

"வந்து?"

நான் காமாட்சியைப் பார்த்தேன். "பக்கத்துல உக்காந்து கேளுங்க, போதுங்க" என்றார் காமாட்சி.

ரிஸ்வானா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாராச்சும் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க பெரியத்தா. மறைச்சு மறைச்சு நான் இல்லாத ஆளாட்டம் ஆயிட்டேன்."



மறுநாள் எங்கள் மலையூரின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் என் கடையைத் திறந்தேன். தெரு மேகத்துக்குள் மிதந்தது. அதற்குள்ளிருந்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு டீக்கடை ராஜேந்திரன் வந்தார்.

"ஏனுங்க பாய், ரிஸ்வானாவைப் பொண்ணு பாக்க வந்தாங்களாமா? வாசல் வரைக்கும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போனீங்களாம்! மாப்பிள்ளை ஊடு நொம்பப் பெரிய எடமோ? நமக்கும் பிரியாணி உண்டுங்களா?"

தலையை அசைத்தால் போதும். குடும்ப மானம் நின்றுவிடும். எதிரே இருந்த கடைகள் ஒவ்வொன்றாகப் பனியில் கரைந்துகொண்டிருந்தன.

"பொண்ணு பாக்க யாரும் வரலீங்க" என்றேன். "எங்க புள்ள உசுரை விட்டுரப் பாத்தா, பொழைச்சுக்கிட்டா. வந்தவங்க ஆஸ்பத்திரி கவுன்சிலர். அடுத்த வாரமும் வருவாங்க."