எலெக்ட்ரீஷியன் தோளுக்கு ஒத்துவராத முடிவுகள்

1

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது மனிதன் கையை உயர்த்திய வரலாறே.

(எழுதியவருக்கு இந்த வாக்கியத்தில் ஒரே பெருமிதம். கதை கிடைத்ததோ எலும்பு டாக்டரின் காத்திருப்பு அறையில். பக்கத்து நாற்காலிகளில் ஓர் எலெக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் பேசியது காதில் விழுந்தது. விழவில்லை, இவர்தான் காதை நீட்டினார். டாக்டர் அறைக்குள்ளே நடந்ததும் பிறகு நடந்ததும் கற்பனை.)

2

வாலிபத்தில் கோல் போஸ்ட்டுக்கு முன்னால் பாய்ந்து விழுந்ததில் எலெக்ட்ரீஷியனின் வலது தோள் நழுவியது. நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, 'டொக்'கென்று உள்ளே போனது. கைதட்டல். வைத்தியம் அத்தோடு சரி. [இங்கே விதியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.]

"அன்னைக்கே மூட்டுக்குள்ள குருத்தெலும்பு அடிபட்டிருக்கும்," என்றார் டாக்டர். "அப்படி அடிபட்ட மூட்டு பல வருஷம் கழிச்சுத் தேயறதுண்டு. எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு. பந்தையாவது புடிச்சீங்களா?"

"அது கோலாயிடுச்சு, டாக்டர்."

கை இப்போது தோளுக்கு மேலே போவதில்லை. வேலையோ முழுக்கக் கூரையடியில். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் ஏணியிலிருந்து இறக்கிவிடுவார்; ஏணி ஏறாதவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடையாது.

"நீங்களே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க," என்றாள் மனைவி, வெளியே வந்ததும். "ஒத்தக் கையோட ஏணில நிக்க நீங்க என்ன சர்க்கஸ்காரரா?"

"சும்மா இரு. ஊசி போட்டா சரியாயிடும்."

"தைலம் தேய்ச்சா சரியாயிடும்னு சொன்ன அதே வாய்தானே இது?"

3

முதல் முடிவு: ஏணியின் உச்சியில், வலியை வென்று, அவர் கை மெல்ல மெல்ல உயர்ந்து—

(உயராது. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டியே சொல்லிவிட்டார்.)

இரண்டாம் முடிவு: உண்மையைக் கேட்ட சூப்பர்வைசர் கண்கலங்கி, அவரைத் தோளோடு இறுக்கி—

(ஐயோ, அந்தத் தோளையா?)*

* கதை முடிவுகளில் கை இடுப்புக்குக் கீழே தொங்குவது அபூர்வம். மூட்டு தேய்ந்தவர்களை இலக்கியம் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

4

'சொல்வாரா, மறைப்பாரா? வாசகரே தீர்மானிக்கட்டும்' என்று பெருந்தன்மையாக எழுதிவைத்தாயிற்று. எலெக்ட்ரீஷியன் அதற்குக் காத்திருக்கவில்லை. மறைப்பதென்றே வேலைக்குப் போனார். அன்று கம்பெனியில் புதுச் சீருடை கொடுத்தார்கள்: தலைவழியாக மாட்டும் டீ-ஷர்ட். உடைமாற்றும் அறையில் தலை உள்ளே, இடக்கை வெளியே, வலக்கை எங்கேயோ.

"யாராவது இருக்கீங்களா?"

வந்தது சூப்பர்வைசர். "உள்ள யாருய்யா?"

"நான்தான் சார்."

"கையத் தூக்கு."

"அதான் சார் வரல."

வேலை நிலைத்ததா, போனதா என்பது இனி உங்கள் பாடு.

டீ-ஷர்ட்டைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.