ஒரு பேட்டரி போதும்

சுப்பராயலுவுக்கு வாதம் வந்து இடது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில். தை பிறப்பதற்குள் கால் ஓரளவு சொன்னபடி கேட்டது. கோல் ஊன்றி நடந்தார். கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கியது. இருபத்தாறு வருஷம் தறிக்குழியில் மிதித்தவர் இனி அதில் இறங்க முடியாது என்றாகிவிட்டது. தறியில் அவர் மனைவி ஆதிலட்சுமி உட்கார்ந்தாள்.

அவளுக்கு வேலை தெரியும். அவர் வீட்டிலேயே இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. விடிந்ததும் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். வாசற்படியில் உட்காருவார், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்திருப்பார். ரேடியோவைப் போடுவார், உடனே நிறுத்துவார். தறிக்குப் பின்னால் வந்து நின்று, "ஊடை நூலு தளர்ச்சியா வருது பாரு" என்பார். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார். அந்தக் கோல் தரையில் தட்டும்போதெல்லாம் அவள் கை தடுமாறும், இழை அறும். பதினைந்து நாளில் நெய்து அறுத்துக் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை ஒரு மாதமாகியும் பாதியைத் தாண்டவில்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. முள்ளிப்பட்டு போகிற வழியில் உள்ள ஏரியை மீன் குத்தகை எடுத்திருந்த குப்புராஜ் அவருடைய பால்ய சிநேகிதர். குப்புராஜின் சின்னப் பலகைப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் விரால் பிடிப்பார். ஓடுகிற இரையைத்தான் விரால் துரத்தும். அதனால் படகு மனுஷன் நடக்கிற வேகத்தில் மெல்ல நகர வேண்டும். பின்னால் தூண்டில் இழுபட்டு வர வேண்டும். இப்போது துடுப்புப் போட அவருக்குக் கை இல்லை. குப்புராஜ் இரண்டு முறை தானே துடுப்புப் போட்டு அழைத்துப் போனார். அதற்கு மேல் அவருக்கு நேரம் இல்லை.

"படகுக்கு ஒரு மோட்டார் வெச்சிட்டா ஒத்த கையே போதும்," என்று சுப்பராயலு ஒரு நாள் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. எட்டாம் நாள் ஆதிலட்சுமி தறியை அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேணுகோபாலைத் தேடிப் போனாள்.

வேணுகோபால் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"மெட்ராஸ்ல கடல் படகுக்கு வெக்கிற பெட்ரோல் மோட்டாரு செகண்ட் ஹேண்டுல கெடைக்கும்க்கா. ஆனா கவுறு இஸ்துதான் ஸ்டார்ட் பண்ணணும். தோ, இத மாதிரிதான்."

கடை மூலையில் ரிப்பேருக்கு வந்திருந்த மண்ணெண்ணெய் என்ஜின் ஒன்றில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். இரண்டு முறை அது இருமியது. மூன்றாம் முறை கடையே அதிரும்படி பிடித்துக்கொண்டது. இழுத்த வேகத்தில் அவனே ஓரடி பின்னால் போனான். ஆடுகிற படகில் ஒற்றைக் கையோடு அவர் இப்படி இழுப்பதை ஆதிலட்சுமி நினைத்துப் பார்த்தாள்.

"இது வேணாம் வேணு. நிறுத்து."

"இந்தச் சத்தத்துக்கு மீனும் நிக்காது," என்று அணைத்தான்.

அடுத்து ஜீப் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றை எடுத்தவன், அது பேட்டரியைப் பத்து நிமிஷத்தில் குடித்துவிடும் என்று அவனே திருப்பி வைத்தான். மூன்றாவதாக ஒரு பழைய டாக்ஸியின் டைனமோவைத் துடைத்துக் கொண்டுவந்தான்.

"இது கரண்டு குடுக்கற மெஷினுக்கா. நாம இதுக்குக் கரண்டு குடுத்தா, இதுவே மோட்டாரா சுத்தும்."

பேட்டரியில் கம்பியை இணைத்ததும் அது சுழன்றது. ராட்டை சுற்றுகிற அளவுக்குத்தான் சத்தம். படகின் பின்பக்கத்தில் இதைப் பொருத்தி, தண்ணீருக்குள் நீளமாக ஒரு கம்பி இறக்கி, முனையில் பிளேடு வைத்துத் தருவதாகச் சொன்னான். ஒரு சுவிட்சு, திருப்ப ஒரு கைப்பிடி. அவளுக்கும் அதுவே சரி என்று பட்டது.

"ஒரு பேட்டரியா, ரெண்டா சொல்லுக்கா. ஒண்ணுன்னா சின்ன பிளேடு, நடக்கற வேகம். ரெண்டு வெச்சு காயிலயும் மாத்திக் கட்டிட்டா பெரிய பிளேடு போடலாம், எதிர்காத்துலயும் இஸ்துகினு போவும். மத்தியானத்துல வாடை அடிக்குது. நான்னா ரெண்டு வெப்பேன்."

ஆதிலட்சுமி சுழல்கிற டைனமோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேட்டரி என்றால் அவர் அக்கரைக்குப் போவார். அங்கே விழுந்தால் தூக்க ஆள் இல்லை. ஒன்று என்றால் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

"ஒண்ணு போதும்."

"காத்தடிச்சா?"

"காத்தடிச்சா அவரு போவ மாட்டாரு."

இடி மழையில் போனவர் அவர். அது தெரிந்தேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து, "வேணு இதான் சரின்னான்" என்று மட்டும் சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேணுகோபாலும் குப்புராஜும் மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார்கள். சுப்பராயலு ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். படகு முனகிக்கொண்டே கரையை விட்டு நகர்ந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தாள். கோல் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் நாலு விரற்கடை நெய்வதற்குள் மூன்று முறை எழுந்தாள். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். தெருக்கதவைத் திறந்து வைத்தாள், சாத்தினாள். அவர் மத்தியானம் இரண்டு விராலோடு வந்தார். தின்றுவிட்டு, புரளாமல் தூங்கினார். ஐந்து மாதத்தில் அவர் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. அடுத்த மூன்று நாளும் அப்படியேதான் போயின. புடவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

வியாழக்கிழமை உச்சிவேளைக்கு மேல் வாடை எழுந்தது. கொடியில் கிடந்த துணி நீட்டி நின்று படபடத்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.

தண்ணீரில் படகு தெரியவில்லை. வலை காவலுக்கு உட்கார்ந்திருந்த ரங்கசாமி எழுந்து வந்தார்.

"காத்து அந்தாண்ட தள்ளிகினு போயிடுச்சும்மா. மோட்டாரு சுத்திகினுதான் இருந்துது, படகு பின்னாலயே போவுது. குப்புராஜு வந்தவாசி போயிருக்காரு. போயி பாக்க வேற படகும் இல்ல."

அவள் கரையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். இரண்டு மைல் இருக்கும். மதகைத் தாண்டியதும் ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் அங்கேயே விட்டாள். ஒற்றைக் கையால் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நீந்த முடியும்? நீந்தத்தான் முடியுமா? நடை தானாக ஓட்டமாயிற்று. மூச்சு முட்டி நின்றாள், திரும்பவும் ஓடினாள்.

அக்கரையில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அவற்றுக்கு நடுவே படகு ஆடிக்கொண்டிருந்தது. சுப்பராயலு வலது கையால் ஒரு கிளையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முள் குத்தி, கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்து காய்ந்திருந்தது. அவள் புடவையோடு தண்ணீரில் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"எவ்ளோ நேரமா இப்பிடி?"

"தெரியல. கைய வுட்டா காத்து முள்ளுக்குள்ள தள்ளிகினு போயிடும்." கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "வேணு ஏமாத்திட்டான். இந்த மாதிரி ஒரு சோப்ளாங்கி மோட்டார கட்டிக் குடுத்திருக்கான். போயி கேக்கறேன் அவன."

பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அவன ஒண்ணும் கேக்காதீங்க. அவன் ரெண்டு பேட்டரிதான் சொன்னான். நான்தான் ஒண்ணு போதும்னேன்."

"ஏன்?"

"நீங்க ரொம்ப தூரம் போயிடக் கூடாதுன்னு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னிய மாடுன்னு நெனச்சிகினியா, முளைல கட்டி மேய்க்க?"

அவள் படகின் விளிம்பை விடவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தில் மோதிக்கொண்டே இருந்தது. இரண்டு மைல் கரையைச் சுற்றி அவரால் நடக்க முடியாது. கடைசியில் அவர் வேறெங்கோ பார்த்தபடி, "ஏறு" என்றார்.

"எனக்கு பயமா இருக்குது."

"முன்னால ஒக்காரு. முன்பக்கம் லேசா கெடக்கறதாலதான் காத்து மூக்க திருப்பிடுது. இவ்ளோ நேரமா அத்தத்தான் யோசிச்சிகினு இருந்தேன்."

அவள் ஏறி முன்னால் குந்தி, இரண்டு பக்கப் பலகையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் கிளையை விட்டுச் சுவிட்சைப் போட்டார். படகின் மூக்கு இரண்டு முறை அலைந்தது, பிறகு நிலைத்தது. ஏரியின் நடுவே போகாமல், வடகரைத் தோப்பின் மறைவிலேயே ஓரமாக ஊர்ந்து போனார். "இந்தாண்ட சாய்." "நிமிந்து ஒக்காரு." அதைத் தவிர அவர் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இக்கரை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தபோது டைனமோ முனகல் இறங்கி, நின்றுவிட்டது. அவர் துடுப்பை அவளிடம் தள்ளினார். அவள் வாழ்நாளில் துடுப்பைத் தொட்டதில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தண்ணீரை அடித்து, கோணல் மாணலாகப் படகைக் கரை சேர்த்தாள். ரங்கசாமி ஓடி வந்து இழுத்துக் கட்டினார்.

இரண்டு நாள் சுப்பராயலு அவளிடம் முகம் கொடுக்கவில்லை. சோற்றைப் போட்டால் தின்றார், எழுந்து போனார். மூன்றாம் நாள் கோல் ஊன்றித் தானே வேணுகோபால் கடைக்குப் போய், இரண்டாவது பேட்டரிக்கும் பெரிய பிளேடுக்கும் சொல்லிவிட்டு வந்தார். முன்பக்கத்தில் ஒரு மணல் மூட்டை வைக்கச் சொன்னதும் அவர்தான். "எனக்கே அது தோணலக்கா," என்று வேணுகோபால் பிறகு அவளிடம் சொன்னான்.

அதற்கப்புறம் நாலு வருஷம் அவர் அந்தப் படகில் போனார். காற்றிலும் போனார், அக்கரைக்கும் போனார். ஒரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இருக்கும் நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆதிலட்சுமிதான் உட்காரவில்லை. காற்று எழுந்தால் கையிலிருக்கும் தறி நாடாவைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறுவாள். அங்கிருந்து ஏரி தெரியாது. தென்னை மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பாள். பக்கத்து மாடியிலிருந்து தெய்வநாயகி ஒரு நாள், "இன்னாக்கா பாத்துகினு இருக்கற?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. துணி காஞ்சிதான்னு பாக்கறேன்."

கொடியில் துணி எதுவும் இல்லை. கீழே வந்து ஒரு விரற்கடை நெய்தாள். திரும்ப மேலே ஏறினாள். மூன்று மணிக்கு சுப்பராயலு வந்து, ஓலைக்கூடையைச் சமையலறை வாசலில் வைத்தார்.

"அக்கரைல இருந்துதான் வரேன்."

"காத்து?"

"இருந்துது," என்றார், கால் கழுவப் போய்க்கொண்டே.